ஒன்றரை அங்குலச் சரிவு

இரஞ்சிதத்தின் குளியலறை வாசலில் நாலு அங்குல உயரத்தில் ஒரு கட்டு இருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் சீமெந்துத் தரை போட்ட எந்த வீட்டிலும் அது இருக்கும். குளிக்கிற தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று மேசன்மார் யாரும் கேட்காமலே கட்டிவிடுவார்கள். போதாததற்கு உள்தரையை வீட்டுத் தரையிலிருந்து மூன்று அங்குலம் பதித்தும் விடுவார்கள். ஆக, உள்ளே போகிறவர் நாலு அங்குலம் ஏறி, ஏழு அங்குலம் இறங்க வேண்டும். நடக்கிறவர்களுக்கு இதெல்லாம் கணக்கிலேயே வராது.

இரஞ்சிதத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் விழுந்த ஷெல்லின் துண்டு ஒன்று அவளுடைய முதுகெலும்பில் ஏறியது. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். இடுப்புக்குக் கீழே எல்லாம் அன்றோடு அடங்கிப்போனது. கண்டியில் தபால் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்த கணவர் விமலநாதன் அவளைத் திருகோணமலை வரை கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. வீட்டு முன்னறையில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு அவள் கணிதம் சொல்லிக் கொடுத்தாள். சமையல் மேசையைச் சக்கர நாற்காலி உயரத்துக்குப் பதித்து வைத்துச் சமைத்தாள். அந்தக் கட்டை மட்டும் அவளால் தாண்ட முடியவில்லை. காலையில் விமலநாதன் அவளைத் தூக்கிக் கொண்டுபோய் உள்ளே பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடி வெளியே நிற்பார். வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது?

யாரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நில்லாமல் ஒருநாள் குளிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு செப்டெம்பர் முதல் வாரத்தில், விமலநாதன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"இஞ்சரும், மாற்றம் வந்திட்டுது. வவுனியா. ஒக்டோபர் முதலாம் திகதி பொறுப்பெடுக்க வேணும்."

வவுனியா என்றால் பயண அனுமதிப் பாஸ், சோதனைச் சாவடி, மாதத்துக்கு ஒருமுறை வீடு. இரஞ்சிதத்தின் கண் தானாகவே குளியலறை வாசலுக்குப் போனது.

மூன்றாம் நாளே விமலநாதனின் தமக்கை பத்மாதேவி கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்து இறங்கிவிட்டார். நல்ல மனுசி. எல்லாவற்றையும் முடிவெடுத்துக்கொண்டுதான் வருவார்.

"பிடிவாதம் பிடிக்காதை பிள்ளை. என்னோட வந்து இரு. வீட்டில வேலைக்கு ஒரு பிள்ளை நிக்குது, அது குளிப்பாட்டி விடும்."

"உங்கட வீடு மூண்டாம் மாடியெல்லே மச்சாள். ஏறினா நான் இறங்கேலாது."

"இறங்கி எங்க போகப்போறாய்?"

அவர் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது. இரஞ்சிதம் சில்லுகளைப் பிடித்துக் கதிரையைத் திருப்பி, மச்சாளுக்கு நேரே நிறுத்தினாள்.

"முப்பதாம் திகதி வரைக்கும் பொறுங்கோ. அண்டைக்கு ஒருத்தரும் தொடாமல் நான் குளிச்சு, உடுப்பு மாத்தி, குசினிக்கு வந்து தேத்தண்ணி போட்டுத் தாறன். தந்தா நீங்கள் தனியத்தான் கொழும்புக்குப் போறியள். இல்லாட்டி நானும் ஒரு கதையும் கதைக்காமல் உங்களோட வாறன்."

"கட்டை என்னெண்டு தாண்டுவாய்?"

"கட்டே இராது."

அன்று பின்னேரமே அவள் கோட்டுக் கடதாசியை எடுத்தாள். குளியலறை அகலம் ஐந்தடி, நீளம் ஆறடி. வாசலில் தரை வீட்டோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்சுவர் வரை தரை மெல்லச் சரிய வேண்டும். மெல்ல என்றால் எவ்வளவு? அதுதான் கேள்வி. பழைய அலுமாரிக் கதவொன்றை மேசையில் கிடத்தி, ஒரு பக்கத்தின் கீழே அப்பியாசக் கொப்பிகளை அடுக்கி, மேலே ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். இரண்டு கொப்பி வைத்தபோது தண்ணீர் எங்கே போவது என்று தெரியாமல் குட்டை குட்டையாக நின்றது. பன்னிரண்டு வைத்தபோது விழுந்தடித்து ஓடியது. ஆனால் அந்தச் சரிவில் சக்கர நாற்காலியும் அல்லவா ஓடும்! கொப்பிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தாள். கடைசியில், அடிக்குக் கால் அங்குலம் என்ற இடத்தில் தண்ணீர் நிற்காமல் போனது. அதே கதவை நிலத்தில் போட்டு அதே அளவு சரித்துத் தானே ஏறிப் பார்த்தாள். பிரேக் போடாமலே நாற்காலி நின்றது. ஆறடிக்கு ஒன்றரை அங்குலம். தரை ஏற்கெனவே மூன்று அங்குலம் பதிந்திருந்தபடியால் இடம் தாராளம். எந்தக் கிடங்கு அவளை இத்தனை நாள் வெளியே நிறுத்தியதோ, அதுதான் இப்போது கைகொடுத்தது. வாசலில் மூன்று அங்குலம் நிரப்பு, பின்சுவரில் ஒன்றரை அங்குலம் நிரப்பு, முடிந்தது.

மேசன் மஹ்ரூப் பாஸ் கலகெதரவிலிருந்து பஸ்ஸில் வந்தார். மேசன்மாரை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது. சிரிக்காமல் பகிடி விடுகிற ஆள். கோட்டுக் கடதாசியை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"டீச்சர், நான் இருவத்தாறு வருஷமா பாத்ரூம் கட்டுறேன். கட்டு இல்லாம ஒண்டும் கட்டினதில்ல. தோணியும் ஒண்டு வாங்கி வெச்சுக்கோங்க."

"தண்ணிக்கு வீட்டுக்குள்ள வர ஆசையில்லை பாஸ். பள்ளத்துக்குப் போகத்தான் ஆசை. பள்ளத்தைக் காட்டினாப் போதும்."

"சரி, பள்ளத்த நடுவுல வெப்போம். நாலு பக்கமும் சரிச்சு விட்டா ஜோரா போகும். எல்லாரும் அப்பிடித்தானே செய்றது?"

"நாலு கால் ஸ்டூலை மேடுபள்ளமான இடத்தில வைச்சா என்ன செய்யும்?"

"ஆடும்."

"என்ர கதிரைக்கும் நாலு சில்லு. நடுவில குழி வைச்சா ஒரு சில்லு அந்தரத்தில நிக்கும். தரை முழுக்க ஒரே பலகை மாதிரி ஒரே பக்கம் சரிஞ்சா நாலும் நிலத்தில இருக்கும்."

மஹ்ரூப் கடதாசியைக் கையில் எடுத்து, முதலில் புனல்போலக் குழித்துப் பார்த்தார். பிறகு தட்டையாகப் பிடித்துச் சரித்தார். பீடியை எடுத்துக் காதில் செருகினார்.

"அப்ப தண்ணி எங்கால போறது?"

"பின்சுவரோட ஒரு வாய்க்கால். நாலு அங்குல அகலம், சுவரின்ர முழு நீளத்துக்கும். மேல இரும்புக் கிராதி. தண்ணி எங்க விழுந்தாலும் அங்கதான் போய்ச் சேரும்."

"வாய்க்காலுக்குக் கீழ வளைஞ்ச பைப் வைக்கோணும். இல்லாட்டி நாத்தம் வரும்."

"அதுதான் எனக்குச் சரியான விருப்பம்" என்றாள் இரஞ்சிதம், உண்மையாகவே முகம் மலர்ந்து. "அந்த வளைவில எப்பவும் ஒரு கோப்பை தண்ணி நிக்கும். தண்ணியே கதவு. கழிவு போகலாம், மணம் வரேலாது. என்ன மூளை பாருங்கோ!"

மஹ்ரூப் பக்கத்தில் நின்ற விமலநாதனைப் பார்த்தார். "சேர், வளைஞ்ச பைப்புக்கு சந்தோசப்படுற பொம்புளய நான் இப்பதான் காண்றேன்."

அடுத்த நாள் கட்டு உடைந்தது. பின்சுவரோரம் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, மண்ணை வெளியே சரிவில் கொட்டினார்கள். கைபிடி செய்ய ஐந்தடி இரும்புப் பைப் இரண்டை மஹ்ரூப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். தமிழர் வீடு, இரண்டு நாளாக உளிச் சத்தம், புது மண் குவியல், இரும்புப் பைப். யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாலாம் நாள் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் இரண்டு பேரோடு வந்து நின்றார்.

விமலநாதன் வேலைக்குப் போயிருந்தார். பத்மாதேவி அடையாள அட்டைகளைத் தேடிக்கொண்டு அறைக்கும் முன்வாசலுக்கும் ஓடினார். சார்ஜன்ட் நேரே குளியலறைக்குப் போய்க் கிடங்கைப் பார்த்து, இது பங்கரா என்று சிங்களத்தில் கேட்டார்.

"குளிக்கிற இடம்" என்றாள் இரஞ்சிதம், அவளுக்குத் தெரிந்த பாடப்புத்தகச் சிங்களத்தில்.

"குளிக்க ஏன் இவ்வளவு கிடங்கு?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் இரஞ்சிதம் விடமாட்டாள். மஹ்ரூபிடமிருந்து மட்டக்குழாயை வாங்கினாள். அது தண்ணீர் நிரப்பிய நீளமான கண்ணாடி நிறக் குழாய். ஒரு நுனியைச் சார்ஜன்டின் கையில் கொடுத்து வாசலில் பிடிக்கச் சொன்னாள். மற்ற நுனியோடு மஹ்ரூப் பின்சுவருக்குப் போனார். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். இரண்டு இடத்திலும் சுவரில் கோடு போட்டால் அது சரியான மட்டம். பின்சுவரில் அந்தக் கோட்டிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே அளந்தால் அதுதான் சரிவு. சார்ஜன்ட் குழாயை உயர்த்தினார், தாழ்த்தினார். தண்ணீர் ஆடி ஆடி மறுபடியும் அதே கோட்டுக்கு வந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொருமுறை செய்து பார்த்தார்.

பிறகு நாற்காலியைப் பார்த்தார். தன் தம்பி இராணுவத்தில் இருந்ததாகவும், மன்னார்ப் பக்கம் மிதிவெடியில் இரண்டு காலும் போய்விட்டதாகவும் சொன்னார். அவர்கள் வீட்டிலும் கட்டு இருக்கிறது. தம்பி கிணற்றடியில் வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறானாம், எல்லாரும் பார்க்க.

இரஞ்சிதம் கோட்டுக் கடதாசியில் இன்னொரு படம் கீறி, அளவுகளைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மடித்துக் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனார். அவர்கள் ஒழுங்கையைத் தாண்டியதும் பத்மாதேவி அடையாள அட்டைகளை நெஞ்சோடு அணைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டார்.

"உனக்குப் பயமில்லையே, பிள்ளை?"

"பயம்தான். கதைச்சுக்கொண்டிருந்தா தெரியாது, மச்சாள்."

வேலை ஓடியது. நிரப்பு, அதன்மேல் சீமெந்துப் பால், அது காய்ந்ததும் வாய்க்காலைத் துணியால் அடைத்து ஒருநாள் முழுக்கத் தண்ணீர் கட்டிவைத்து, பக்கத்துச் சாமியறைச் சுவரில் ஈரம் ஊறுகிறதா என்று தடவிப் பார்த்தல். ஊறவில்லை. மினுங்குகிற பெரிய டைல் வேண்டாம் என்றாள் இரஞ்சிதம். சின்ன டைல் என்றால் இடைவெளிக் கோடுகள் கூடும், கோடு கூடினால் பிடிப்பும் கூடும். சுவரோரம் நாற்காலி இருக்கை உயரத்துக்கே, இருந்து குளிக்க ஒரு குந்து கட்டி, அதற்குமேல் கைபிடிப் பைப்பைச் சுவருக்குள் ஊன்றினார்கள். மஹ்ரூப் இரண்டு கையாலும் அதில் தொங்கிப் பார்த்தார்.

இருபத்திரண்டாம் திகதி இரஞ்சிதத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக். விமலநாதன் லீவு போட்டு அவளை வாடகை வான் ஒன்றில் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது மூன்று மணி. மஹ்ரூப் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். பத்மாதேவியும் பக்கத்தில். இருவர் முகத்திலும் ஒரே மாதிரியான திருப்தி.

"டீச்சர், வந்து பாருங்க. டைல் முடிஞ்சு."

தரை அழகாக இருந்தது. வாசலில் இரண்டு அங்குல உயரத்தில், விளிம்பு உருட்டி, வெள்ளை டைல் பதித்து, ஒரு சின்னக் கட்டும் இருந்தது.

இரஞ்சிதம் அதற்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினாள்.

"இது என்ன?"

"ரெண்டே ரெண்டு அங்குலம். என்ட அன்பளிப்பு" என்றார் மஹ்ரூப். "டீச்சர், அடுத்த செவுருக்கு அங்கால சாமிக் கும்புடுற இடம். எங்கட வீட்டுலயும் தொழுற பாய் விரிக்கிற தரைக்கு பாத்ரூம் தண்ணி வந்தா நாங்க விடுவமா? மேல் கழுவின தண்ணிக்கும் அல்லாவக் கூப்புடுற எடத்துக்கும் நடுவுல ஒரு மறிப்பு வேணும். எனக்கு மனசு கேக்கல்ல."

"பாஸ் சொல்லுறதுதான் சரி" என்றார் பத்மாதேவி. "நானும் சொன்னனான். குளிச்ச தண்ணி சாமியறைக்குப் போறதே? தீட்டெல்லே!"

இரண்டு சமயமும் கூடி ஒரு கட்டுக் கட்டியிருந்தன. விமலநாதன் அக்காவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை, விட்டத்தைப் பார்த்தார்.

இரஞ்சிதத்துக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த உருட்டிய விளிம்பைப் பார்த்தாள். எவ்வளவு பக்குவமாகச் செய்திருந்தார் மனுசன்! இது அலட்சியத்தில் வந்த பிழை அல்ல; மரியாதையில் வந்த பிழை. அதைக் கத்தி உடைக்க முடியாது.

விமலநாதனிடம் தன்னை எதிரே கிடந்த கட்டிலுக்கு மாற்றச் சொன்னாள். "பாஸ், என்ர கதிரையில ஏறி இருங்கோ. காலை மிதிக்கிற தகட்டில வையுங்கோ. கீழ ஊண்டக் கூடாது. கையால மட்டும் உருட்டி உள்ளுக்குப் போங்கோ."

மஹ்ரூப் சிரித்துக்கொண்டு ஏறினார். இரண்டு மூடை சீமெந்தை ஒன்றாகத் தூக்குகிற கை. முன்னால் உருட்டினார். முன்சில்லு வாசல் கட்டோடு முட்டி 'டக்' என்று நின்றது. பின்னுக்கு வந்து வேகமாகப் போனார். நின்றது. மூன்றாம் தரம் முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளினார். பெரிய சில்லுகள் முன்னே போகப் பார்த்தன, சின்னச் சில்லுகள் விடவில்லை. நாற்காலி பின்பக்கம் கிளம்பியது, அவர் தலை முன்னால் கவிழ்ந்தது. விமலநாதன் அவரை இடுப்புச் சாரத்தோடு சேர்த்துப் பிடித்திராவிட்டால் மூக்கு டைலில் உடைந்திருக்கும்.

"முன்சில்லு சின்னது, பாஸ். உயரம் ஆறு அங்குலம். ரெண்டு அங்குலம் அதுக்கு ஒரு மதில்."

மஹ்ரூப் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். கால் இருந்தும் ஊன்றாமல் இருந்தார். "அல்லாவே" என்றார் மெதுவாக.

"உங்கட மறிப்பு வேணுமெண்டுறதை நான் மறுக்கேல்லை" என்றாள் இரஞ்சிதம். "மறிப்பு ஏற்கெனவே இருக்கு. நீங்கள்தானே கட்டினீங்கள். அந்த ஒன்றரை அங்குலம்தான் மறிப்பு. அது மேல எழும்பி நிக்காமல் கீழ போகுது, அவ்வளவுதான். இதை உடையுங்கோ. உடைச்ச இடத்தைச் சமப்படுத்தி டைல் போடுங்கோ. அது இறுகினதும் ஒரு வாளி தண்ணியில நீலம் கரைச்சு ஊத்துவம். ஒரு துளி வாசலைத் தாண்டினாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்கள் எவ்வளவு உயரத்துக்கு வேணுமெண்டாலும் கட்டுங்கோ. நான் மச்சாளோட கொழும்புக்குப் போறன்."

விமலநாதன் திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் கண்ணைச் சிமிட்டவில்லை.

நாலு நாள் கழித்துப் பகல் பதினொரு மணிக்கு எல்லாரும் வாசலில் கூடினார்கள். வாசல் கோட்டில் பத்மாதேவி தன் கையாலேயே திருநீறால் ஒரு கோடு இழுத்தார். நனைந்தால் தெரிந்துவிடும். வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலத்தை வாளியில் கரைத்து, தண்ணீர் மை நிறமானதும், மஹ்ரூப் அதைத் தூக்கினார். மெல்ல ஊற்றவில்லை. வஞ்சகமில்லாத மனுசன், சோதனையென்றால் சோதனை என்று நினைத்தாரோ என்னவோ, வாசலிலிருந்து இரண்டடி தூரத்தில் முழு வாளியையும் ஒரே வீச்சில் கவிழ்த்தார்.

நீலம் எல்லாப் பக்கமும் பாய்ந்தது. வாசலை நோக்கியும் வந்தது. ஓர் அடி வந்தது. கால் அடி மேலும் வந்தது. பத்மாதேவி சேலையைத் தூக்கிப் பிடித்தார். திருநீற்றுக் கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது நீலத்தின் விளிம்பு தடுமாறியது. இன்னும் நாலு விரல் வந்தது. நின்றது. எதையோ மறந்துவிட்டு வந்தவர்போல அங்கேயே ஒரு கணம் யோசித்தது. பிறகு திரும்பியது. முதலில் ஓரங்கள், பிறகு நடு, பிறகு முழுவதும் ஒரே பாயாகச் சுருண்டு பின்சுவருக்குப் போய், கிராதியின் நீளம் முழுக்கக் களகளவென்று இறங்கியது. குந்தின் அடியிலும் மூலைகளிலும் ஒரு சொட்டு நிற்கவில்லை. திருநீறு காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது.

மஹ்ரூப் குந்தியிருந்து, திருநீற்றுக்கு உள்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார்.

"காய்ஞ்சு ஈக்குது" என்றார். பிறகு, தன் வேலையைத் தானே புதிதாகக் காண்கிறவர்போல, "இன்னொரு வாளி ஊத்துவமா?" என்று கேட்டார். அன்று ஏழு வாளி ஊற்றினார்கள். ஏழாவது வாளியைப் பத்மாதேவி ஊற்றினார்.

முப்பதாம் திகதி காலை. விமலநாதனின் பெட்டி வவுனியாவுக்குக் கட்டியிருந்தது. இரஞ்சிதம் துவாயையும் மாற்றுடுப்பையும் ஒரு பலகைத் துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலுக்கு உருண்டாள். முன்சில்லு வாசலைத் தாண்டியது அவளுக்கே தெரியவில்லை. அதற்குத்தான் இத்தனை நாள்! உள்ளே போய்த் திரும்பி, கதவைச் சாத்தி, கொக்கியைப் போட்டாள். அந்தக் கொக்கியை அவள் போடுவது அந்த வீட்டில் அதுதான் முதல்தரம்.

பிரேக். நாற்காலிக்கும் குந்துக்கும் நடுவே பலகை. கைபிடியைப் பற்றி ஒரு மூச்சு, ஒரு தள்ளு. குந்தில் இருந்தாள். ஷவரைத் திறந்தாள். கட்டுகஸ்தோட்டைக் குழாய்த் தண்ணீர் ஐஸ்போல உச்சியில் விழுந்தது. அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். தண்ணீர் தோளால் இறங்கி, மடியால் இறங்கி, உணர்வில்லாத கால்களையும் நனைத்து, டைலில் விழுந்து, யாரும் சொல்லாமலே பின்சுவருக்கு நடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு இரண்டுதரம் சவர்க்காரம் போட்டாள், தேவைக்கல்ல.

முக்கால் மணித்தியாலம் கழித்துக் கதவு தட்டப்பட்டது.

"பிள்ளை, என்ன செய்யிறாய்?"

"குளிக்கிறன், மச்சாள்!"

"இன்னுமோ?"

"இன்னும்தான்!"

உலர்ந்த உடுப்போடு, தலையில் துவாய் சுற்றியபடி அவள் வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தாள். பத்மாதேவி பின்னாலேயே வந்தவர் சட்டென்று நின்று தரையைக் காட்டினார். குளியலறை வாசலிலிருந்து குசினி வரை, பளபளவென்று இரண்டு ஈரக் கோடுகள்.

"பார், பார்! தண்ணி வாசலைத் தாண்டிட்டுது!"

இரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் யாருடைய காலடியும் இல்லை.

"அது தானா வரேல்லை, மச்சாள். நான் கொண்டுவந்தனான்" என்றாள். "சீனி எத்தனை கரண்டி?"